கன்றுகளுக்கு விட்ட புல்

ஜூன் 11
இன்றும் கால்நடைப் பயிற்சி. தேவாலயக் கொட்டகையில் மாசாய்ப் பெண்கள் நாங்கள் எல்லோரும் தரையில், பயிற்சியாளர் மட்டும் நாற்காலியில். "மாடு கொழுத்திருக்கும்போதே ரெண்டை வித்துடுங்க. வறட்சியில எலும்புக்கு யாரும் விலை தரமாட்டாங்க" என்றார். செனேவா எழுந்து, "மாட்டை வித்தா புருஷன் மெலிஞ்சிடுவாரே, அவரை யார்கிட்ட விக்கிறது?" என்று கேட்டாள். கொட்டகையே சிரித்தது. அவள் சொன்னது எங்கள் இருவருக்கும் பொதுவான புருஷனை. நான் மூத்தவள், அவள் இளையவள்.

ஜூன் 20
மலையடிவாரப் புல்வெளியை மேய்ச்சலுக்கு மூடிவிட்டோம். அக்டோபரில்தான் திறப்பு, அதுவும் கன்றுகளுக்கும் கறவைக்கும் மட்டும். பெரியவர்கள் கூடி ஒப்புக்கொண்டார்கள். என் கணவர் பார்சலோயும் தலையாட்டினார். காவல் பெண்களுக்கு. வீட்டுக்கு வந்ததும், "சிங்கம் வந்தா புல்லைக் காப்பாத்துவியா, உன்னைக் காப்பாத்துவியா?" என்றார்.
"சிங்கம் புல் தின்னாது" என்றேன்.

ஜூலை 3
இரண்டு எருதுகளை விற்றுவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குதுங்க. உன் வாத்தியாருக்கு அப்படி ஒரு மாடு இருக்கா?"


ஆகஸ்ட் 25
புழுதி. பாலில்லாத வெறும் தேநீர்.

செப்டம்பர் 9
மதியம் நானும் செனேவாவும் காவலில் இருந்தோம். ஒரு மந்தை வந்தது. முதல் மாட்டின் கொம்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்களுடையதுதான். பின்னால் அவர்.
"ஒரு பொழுதுதான், ரெசியான் அம்மா. பாரு, நிக்கக்கூட முடியல அதுங்களால."
நெற்றியில் வெள்ளை விழுந்த கிழப்பசு என் கையை நக்கியது. எத்தனை வருஷம் நான் கறந்த மடி.
விட்டிருப்பேன். ஆனால் கிணற்றடியில் மற்றவர்கள் தங்கள் மந்தையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்களுடையது நுழைந்தால் எல்லாம் நுழையும். "வேண்டாம், ரெசியான் அப்பா. திருப்புங்க." அவர் அசையவில்லை. நானே கோலை எடுத்துத் திருப்பினேன் — அத்தனை ஆண்கள் முன்னால். செனேவா மறுபக்கம் போய் மடக்கினாள்.

செப்டம்பர் 11
வெள்ளை நெற்றிக்காரி எழுந்திருக்கவில்லை. அவரே தோலை உரித்தார். என்னிடம் பேச்சு இல்லை, நான் வைத்ததைத் தொடவும் இல்லை. நானா கொன்றேன்? புல் எதிரிலேயே இருந்ததே — என் கையை நக்குச்சே அது —
செனேவா வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "அழு அக்கா. ஆனா நாளைக்கும் காவலுக்குப் போறோம்."

செப்டம்பர் 14
இன்னும் பேசவில்லை.

செப்டம்பர் 16
விடிந்ததும் அந்த இரண்டு எருதுகளையும் லோங்கிடோ சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். மட்டமான விலைதான். அந்தக் காசில் மற்ற மாடுகளுக்குச் சோளத்தட்டை வாங்கி வந்து இறக்கினார். பிறகு என் குடிலுக்குள் வந்து உட்கார்ந்தார்.
"ஏதாவது இருக்கா?"
களி கிண்டிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போனார். தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்துதான் போயிருக்கிறார்.

அக்டோபர் 5
புல்வெளியைத் திறந்தோம். கன்றுகள் உள்ளே போனதும் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவர் தனியாக நின்று பார்த்தார். கூப்பிட்டேன். வரவில்லை. கண்ணைத் துடைத்தது போல இருந்தது. தூசியாகவும் இருக்கலாம்.

நவம்பர் 27
மழை விட்டிருந்த நேரத்தில், இதே மாதிரி புல் மூட நினைக்கும் அடுத்த ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
ஒருவர் கேட்டார்: "மாசாய் ஆம்பளை ஓட்டிட்டு வர்ற மந்தையைப் பொம்பளை தடுக்கிறதா? எந்த ஆம்பளை நிப்பான்?"
"நான் நின்னேன்" என்றார் பார்சலோய். "என் மந்தையையே திருப்பி ஓட்டுனவ இவ. இதோ, டீ ஊத்துறாளே, இவதான்."
"நீ சும்மாவா விட்டே?"
"சாப்பிடாம இருந்து பாத்தேன். அப்புறம் பசிச்சுது."
எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "ஒரு பசு போச்சு. கன்னுங்க அத்தனையும் நிக்குது."
"போதும் அக்கா, கோப்பை நிறைஞ்சு வழியுது" என்று செனேவா என் கையைப் பிடித்தாள்.