நாலாவது கொக்கி

1987 மார்ச் 16, திங்கள்

அமதேயு கோயில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். குளிர்காலம் முழுவதும் உறைந்த ஏரிமேல் திரிந்த மனிதன், பனி உருகும் வாரத்தில், அதுவும் பூசைக்குப் போகும்போது விழுந்திருக்கிறான். ஜூன் மாதத் தூய ஆவித் திருவிழா வரைக்கும் வலையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

பெரியவர்கள் விட்டுவந்த தீவின் பேரை வைத்த எங்கள் 'இல்ஹா வெர்தே' படகில் இருப்பதே மூன்று பேர். என் புருஷன் நோர்பெர்ட்டோ கேப்டன், அவன் தம்பி திபேரியோ, அப்புறம் இந்த அமதேயு. ஒருவன் சுக்கானையும் வலை இழுக்கும் எந்திரத்தையும் பார்த்துக்கொண்டால், மற்ற இரண்டு பேர் வலையிலிருந்து மீனை எடுக்க வேண்டும். மூன்றாவது ஆள் இல்லாமல் வசந்தத்துப் பெர்ச் மீனுக்குப் போவது வீண். துறையில் சும்மா இருக்கும் கை ஒன்றுகூட இல்லை, இளவட்டங்களெல்லாம் லெமிங்டனில் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்குப் போய்விட்டார்கள். ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, நோர்பெர்ட்டோ இன்னொரு கேப்டன் செரஃபிமின் பெரிய படகில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். செத்தாலும் நிற்க மாட்டான்.

மீன் வெட்டும் ஆலையில் இன்றும் வழக்கம்போல நான்தான் எல்லோருக்கும் முன்னால் பெட்டியைக் காலி செய்தேன். ஈரி ஏரியின் இந்தக் கரையில் என்னைவிட வேகமாகப் பெர்ச் வெட்டுகிறவள் இருந்தால் வரட்டும், பார்க்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை.

மார்ச் 18, புதன்

கீரை சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "நான் வர்றேன்."

"எங்க?"

"ஏரிக்கு. அமதேயு கை கூடுற வரைக்கும்."

நோர்பெர்ட்டோ கரண்டியைக் கீழே வைத்தான். "பொம்பள ஏறின படகுல மீன் ஏறாது. எங்கப்பா சொல்லுவாரு."

"தீவுலேர்ந்து உங்கப்பா வந்த கப்பல்ல உங்கம்மாவும்தானே ஏறி வந்தா. கப்பல் முங்கிப்போச்சா?"

திபேரியோ ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். "அண்ணே, மதினி வந்தா சூப்பாவது சூடா கெடைக்கும்."

"சமைக்க இல்ல தம்பி. மீன் எடுக்க வர்றேன். சூப் வேணும்னா நீ வை."

அதற்குமேல் நோர்பெர்ட்டோ பேசவில்லை. பேசாவிட்டால் சரி என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், பாதிரியார் கேட்டபோதுகூட அவர் இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது.

மார்ச் 20, வெள்ளி

ஆலை மேற்பார்வையாளர் ஈஸ்டர் வரைக்கும் விடுப்பு கொடுத்தார். அதற்கப்புறமும் ஒரு நாள் வராமல் போனால் என் மேசை இன்னொருத்திக்கு. "நல்ல கைய ஏரியில போட்டுக் கெடுக்கப் போற" என்றார். கெடுப்பேனா என்ன?

மார்ச் 23, திங்கள்

போய் வந்துவிட்டேன். வாந்தி எடுக்கவில்லை, முதலில் அதை எழுதி வைக்கிறேன்.

தலைக்குமேல் வரைக்கும் இரும்பால் மூடிய படகு. காற்று அடிக்காது, ஆனால் டீசல் நாற்றம் போக வழியில்லை. உள்ளே ஒரு பலகையில் மூன்று கொக்கிகள், ஆளுக்கொன்று, ரப்பர் ஏப்ரன் மாட்ட. அமதேயுவின் கொக்கி காலியாகத்தான் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அது அவனுடையது. என் ஏப்ரனைக் கதவுப்பிடியில் தொங்கவிட்டேன்.

வலை ஏறத் தொடங்கியது. வெட்டுமேசைக்கு வரும் பெர்ச் மங்கிய மஞ்சள், அவ்வளவுதான். தண்ணீரிலிருந்து அப்போதுதான் வந்தது அப்படி இல்லை. உடம்பு பொன், குறுக்கே பச்சைப் பட்டைகள், அடிச்செட்டை ஆரஞ்சு. இத்தனை வருஷம் வெட்டிய மீனை இன்றுதான் பார்த்தேன்.

அடுத்து நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். எந்திரம் சற்று நின்ற நேரம். கையில் ஒரு மீன். ஏப்ரன் பையில் என் சின்னக் கத்தி, பழக்கத்தில் கூடவே வந்துவிட்டது. என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் தலை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், சதை மேசைமேல். கரைக்கு முழு மீனாகத்தான் கொண்டுபோக வேண்டும், முழுசாகத்தான் நிறுப்பார்கள் என்பது துறையில் நாய்க்குக்கூடத் தெரியும். நான் அடுத்த மீனையும் எடுத்துவிட்டேன்.

"அடியே, என்ன பண்ற?"

கத்தியை நோர்பெர்ட்டோவே பிடுங்கிப் பூட்டிவைத்தான். திபேரியோ பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். "விடுண்ணே, கரைக்குப் போறதுக்குள்ள மதினி பொரிச்சும் வச்சிருக்கும்." எனக்கும் சிரிப்பு வந்தது. நோர்பெர்ட்டோவுக்கு வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

விரல் மடங்கவில்லை. பேனா பிடிக்க முடிகிறது, அது போதும்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று நுணுக்கம் பிடிபட்டது. இத்தனை நாளாக மீனைப் பின்னால் இழுத்து இழுத்துச் செவுளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். வலைக்கண்ணிக்குள் தலை நுழைந்து, செவுள் மாட்டித்தான் நிற்கிறது. வந்த வழியே திரும்பாது. முதுகு முள்ளை உள்ளங்கையால் படியவைத்து, முன்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மதியத்துக்குமேல் திபேரியோவுக்குச் சமமாக எடுத்தேன். மாலையில் அவனை முந்தினேன். அவன் என் பக்கத்து வலையைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் வேலையைப் பார்த்தான். எனக்கு அது பாராட்டு.

நோர்பெர்ட்டோவும் பார்த்தான். பார்த்ததை நான் பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

இந்த வாரம் மீன் இல்லை. யாருக்குமே இல்லை. ஆனால் மற்றவர்கள் படகில் இல்லாவிட்டால் அது தண்ணீர்க் குளிரால், எங்கள் படகில் இல்லாவிட்டால் அது என்னால்.

செரஃபிம் துறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மீன் வரலேன்னா என்ன நோர்பெர்ட்டோ, உனக்குத்தான் வீடே கூட வருதே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னேன்: "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். உன் படகுலயும் பாதிப் பெட்டி காலிதானே செரஃபிம், அதுல எந்தப் பொம்பள ஏறினா?"

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள், இம்முறை அவனைப் பார்த்து. நோர்பெர்ட்டோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அவனுக்காகத்தானே சொன்னேன்?

ஏப்ரல் 17, பெரிய வெள்ளி

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல். "ஈஸ்டர் முடிஞ்சதும் நீ ஆலைக்கே போ. நானும் திபேரியோவும் சமாளிச்சுக்குவோம்."

ஏன் என்று கேட்டேன். "ஊரு பேசுது" என்றான்.

ஊரு பேசுதாம். ஊரா வந்து வலை இழுத்துச்சு? ஊரா முள்ளு குத்தி வீங்கின கையோட ரொட்டி பெசஞ்சுது? செரஃபிம் ஒரு வார்த்தை சொன்னா உனக்கு அது வேதவாக்கு. நான் பக்கத்துல நின்னு ஒரு மாசமா எடுத்த மீனு உன் கண்ணுக்குத் தெரியல — போ. நல்லா இரு.

நான் கெட்டிக்காரி. அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னான் என்பதுதான் ஆறவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

மேசைக்குத் திரும்பிவிட்டேன். பக்கத்து மேசை ஹெர்மீனியா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இரண்டு பேருமாகப் போய் வலை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நாளைக் காலையில் எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 23, வியாழன்

நேற்றிலிருந்து வடகிழக்குக் காற்று. ஒரு படகும் வெளியே போகவில்லை. எங்கள் வலை ஏரியின் அடியில் கிடக்கிறது, மீனோடு. இந்தக் குளிர்ந்த தண்ணீரில் நாளை வரைக்கும் தாங்கும். அதற்குமேல் வயிறு குழையும், ஆலை திருப்பி அனுப்பும், வலையோடு அழுகினால் ஊருக்கே நாறும். நோர்பெர்ட்டோ ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறான்.

ஏப்ரல் 24, வெள்ளி

கை வலிக்கிறது. ஆனாலும் முழுக்க எழுதப் போகிறேன்.

விடியற்காலை ஆலைக்குக் கிளம்பக் கதவைத் திறக்கப் போனேன். அங்கே என் ரப்பர் பூட்ஸ், அவனுடையதுக்குப் பக்கத்தில், துடைத்து வைத்திருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து தன் பூட்ஸை மாட்டிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

"பூட்ஸ் பேசாது மனுஷா" என்றேன். "நீ பேசு."

இன்னொரு பூட்ஸையும் மாட்டி முடித்தான். "காத்து கொறைஞ்சிருக்கு, அலை கொறையல. வலை நெறைஞ்சிருக்கும். ரெண்டு பேரால ஆகாது." அப்புறம், "வா" என்றான்.

போனால் என் மேசை போய்விடும். அவனுக்கும் அது தெரியும். இத்தனை வருஷம் முதல் ஆளாக நின்ற மேசை. அதை நினைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். பிறகு பூட்ஸை மாட்டினேன்.

வெளியே அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மிதவைக் கொடியைக் கண்டுபிடிக்கவே பெரும்பாடாயிற்று. வலையின் முதல் முனை ஏறியபோது திபேரியோ "மாதாவே" என்றான். கண்ணிக்குக் கண்ணி பெர்ச். ஏரி மஞ்சளாக ஏறி வந்தது. அதே நேரத்தில் திபேரியோவுக்குக் குடல் புரண்டது. வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், பாவம். இரண்டு பேர் எடுக்க வேண்டியதை நான் ஒருத்தியாக எடுத்தேன். தள்ளு, எடு, பெட்டி. தள்ளு, எடு, பெட்டி. பெட்டிகள் சறுக்கிக் காலில் மோதின. முள் குத்தாத விரல் இல்லை. நோர்பெர்ட்டோ எந்திரத்தை நிறுத்தி நிறுத்தி இழுத்தான், என் கை வேகத்துக்கு. முதலில் எனக்காக நிறுத்தினான். பாதி வலைக்குமேல் நிறுத்தவில்லை, நிறுத்தத் தேவையில்லை என்று கண்டுகொண்டான்.

திபேரியோ வெளுத்த முகத்தோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். "மதினி, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எத? வாளியவா, வாளியில இருக்கறதையா?"

துறைக்குத் திரும்பியபோது ஊரே நின்றது. செரஃபிமும் தன் வலைக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தான். ஆலை வாசலில் ஹெர்மீனியா ஒரு மீனை எடுத்து வயிற்றில் கட்டைவிரலால் அழுத்தினாள். இன்னொன்று. அடிப்பெட்டியிலிருந்தும் ஒன்று. "கல்லு மாதிரி இருக்கு" என்றாள். "செவுள் ஒண்ணுகூடக் கிழியல."

செரஃபிம் குனிந்து பார்த்தான். "யாரு எடுத்தது?"

நோர்பெர்ட்டோ பெட்டியைத் தூக்கிக்கொண்டே, நின்றுகூடப் பார்க்காமல் சொன்னான்: "எங்க படகு ஆளு."

என் பொண்டாட்டி என்று சொல்லவில்லை. நான் பூட்ஸோடு அங்கேயே நின்றேன். பெருமையாக இருந்தது. வேறு வார்த்தை தேட மாட்டேன்.

ஏப்ரல் 27, திங்கள்

மேசை போய்விட்டது. புதியவள் உட்கார்ந்திருக்கிறாளாம். மெதுவாக வெட்டுகிறாளாம். ஹெர்மீனியா சொன்னாள், நானாகக் கேட்கவில்லை.

மே 14, வியாழன்

சுக்கான் பிடிக்கத் தந்தான். "நேரா பிடி" என்றான். நேராகத்தான் பிடித்திருந்தேன்.

மே 29, வெள்ளி

அமதேயுவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னும் விரலை மடக்கி நீட்டிக் காட்டினான். நல்லவன். என் ரொட்டியைப் புகழ்ந்தான், இத்தனை நாள் உதவிக்கு நன்றி சொன்னான். உதவி.

திருவிழா முடிந்து படகுக்கு வருகிறானாம். நோர்பெர்ட்டோ தலையசைத்தான். எனக்கு இப்போது மேசையும் இல்லை, கொக்கியும் இல்லை. கேட்கலாம். கேட்க மாட்டேன். அன்றைக்கு அவனைப் பேச வைத்தேன், இனி அவனே பேசட்டும்.

ஜூன் 7, தூய ஆவித் திருவிழா

வழக்கம்போலப் பூசை, தூய ஆவியின் வெள்ளிக் கிரீடத்தைச் சுமந்து ஊர்வலம், பாதிரியார் படகுகளை மந்திரித்தது. பிறகு மண்டபத்தில் எல்லோருக்கும் இறைச்சிச் சாறும் ரொட்டியும். ஒவ்வொரு படகு ஆட்களுக்கும் ஒரு பெஞ்சு. பெண்கள் பரிமாறுவோம்.

நான் அடுக்களையில் ரொட்டித் துண்டுகள்மேல் புதினா வைத்துக்கொண்டிருந்தேன். செரஃபிமின் மனைவி லெயோபோல்டினா சாறு ஊற்றினாள். வாசலில் நோர்பெர்ட்டோ வந்து நின்றான். ஆண்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

"அத வச்சிட்டு வா. எங்க பெஞ்சுல ஒரு ஆளு கொறையுது."

"அமதேயு வந்துட்டானே."

"எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

லெயோபோல்டினா என் தோளிலிருந்த துண்டை உருவினாள். "போயேன், சாறு ஆறிடும்" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அமதேயு நகர்ந்து இடம் விட்டான். லெயோபோல்டினாவே எனக்குப் பரிமாறினாள். பக்கத்துப் பெஞ்சிலிருந்து செரஃபிம் ரொட்டித் தட்டை நீட்டினான். "கையக் கழுவினியா? பெர்ச் வாடை அடிக்குது."

"உன் கையில அடிக்கலயே, எனக்கு அதான் கவலை."

முதலில் சிரித்தது நோர்பெர்ட்டோ. சத்தமாக. அவன் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

ஜூன் 8, திங்கள்

காலையில் நான்கு பேரும் ஏறினோம். அமதேயு தன் கொக்கியில் ஏப்ரனை மாட்டினான். நான் பழக்கத்தில் கதவுப்பிடிக்குக் கை நீட்டினேன். பிடிக்குப் பக்கத்துப் பலகையில், மற்ற மூன்றையும்விடத் தாழ்வாக, என் தோளுயரத்தில் புதிதாக ஒரு கொக்கி. யார் அடித்தது என்று கேட்கவில்லை. கோணலாக இருந்தது, நோர்பெர்ட்டோவுக்கு ஒரு ஆணியும் நேராக அடிக்க வராது.

நிமிர்த்தச் சொல்லவில்லை. ஏப்ரனை மாட்டிவிட்டு, கயிற்றை அவிழ்க்கப் போனேன்.