மீதி இரண்டு சிலிண்டர்

அக்டோபர் 3, செவ்வாய்

புது வண்டி வாசலுக்கு வந்து நான்கு நாளாகிறது. அவர் இன்னும் அதை ஓட்டவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறார், டயரை உதைக்கிறார், முன்மூடியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். துக்கம் விசாரிக்க வந்தவர்கூட இவ்வளவு பெருமூச்சு விடமாட்டார்.

பழையதற்கு எட்டு சிலிண்டர். பதினெட்டு வருடம் பாலைவனத்தில் உழைத்துக் கியர்பெட்டி போனதும் விற்றாயிற்று. இப்போது கம்பெனி எட்டைச் செய்வதே இல்லை, ஆறு சிலிண்டரும் இரண்டு டர்போவும்தான். பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், இழுவை அதிகம். இருபத்திரண்டு வருடமாக அல் ஐன் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். தாளில் கோடு போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஷம்ஸா, எட்டு பெருசா, ஆறு பெருசா?” என்றார்.

இதற்கு மேல் என்ன சொல்ல?

அக்டோபர் 6, வெள்ளி

தொழுகை முடிந்து ஆண்களெல்லாம் நம் வீட்டு மஜ்லிஸ் கூடத்தில். என் தம்பி கல்ஃபான் போன வருடமே கடைசி எட்டுகளில் ஒன்றைப் பிடித்துவிட்டவன். அந்தத் திமிர் தாங்கவில்லை. கஹ்வா காபி ஊற்றிக் கொடுத்தனுப்பும்போது காதில் விழுந்தது:

“என்ன மச்சான், மீதி ரெண்டு சிலிண்டரை ஷோரூம்லயே மறந்துட்டு வந்துட்டீங்களா? ஒரு போன் போடுங்க, எடுத்து வச்சிருப்பாங்க.”

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். அது சிரிப்பே இல்லை, முப்பது வருடம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? தம்பியாவது ஒன்றாவது, அவன் வாயைத் தைத்தால் தேவலை.

அக்டோபர் 9

வண்டியின் பின்னால் பளபளவென்று எட்டு சிலிண்டர் வண்டிக்கான ‘வி 8’ முத்திரை. சந்தையில் வாங்கி அவரே ஒட்டியிருக்கிறார். ஐம்பத்தாறு வயது மனிதர். கோணலாக வேறு ஒட்டியிருக்கிறார்.

அக்டோபர் 17, செவ்வாய்

கோபம் ஆறவில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

இங்கிருந்து ஸ்வைஹான் வரை யார் மணலில் மாட்டினாலும் முதல் போன் இவருக்குத்தான். “ஸுஹைலைக் கூப்பிடு” என்பது இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நோன்பு திறக்கும் நேரத்தில், பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபடியே கிளம்பியவர். எங்கள் மகள் மைதா பிறந்த அன்றுகூட யாரையோ இழுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், தலையெல்லாம் மணலோடு. அன்றும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது வேறு கோபம்.

இன்று சாயங்காலம் யாரோ ஒரு பையன் பேசினான். மனைவி, இரண்டு குழந்தைகள், அச்சுவரை புதைந்த வண்டி. இவர் சொல்கிறார்: “வண்டி கராஜ்ல கெடக்குதுப்பா. வேற யாரையாவது பாரேன்.”

வண்டி ஜன்னலுக்கு நேரே நிற்கிறது! நான் தேநீரோடு பக்கத்திலேயே நிற்கிறேன். என்னைப் பார்த்துவிட்டார். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்து, “சர்க்கரை கம்மியா இருக்கே” என்றார்.

ஒட்டகம் வைத்திருக்கும் யாரோ மூன்று மணி நேரம் கழித்து அவர்களை இழுத்துவிட்டாராம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு சிலிண்டருக்காகப் பச்சைப் பொய்யா? இவரா?

அக்டோபர் 18

கேட்டேவிட்டேன். “கல்ஃபான் சிரிப்பான்னு குழந்தைங்கள மணல்ல விடுவீங்களா? அவ்வளவு கௌரவமா?”

“உனக்குப் புரியாது.”

“புரியற மாதிரி சொல்லுங்களேன்.”

எழுந்து போய்விட்டார். சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும்.

நவம்பர் 1

இன்று மூன்று போன். மூன்றுக்கும் கராஜ். அப்படி ஒரு கராஜ்காரன் நிஜமாகவே இருந்திருந்தால் இந்நேரம் மாடி கட்டியிருப்பான்.

நவம்பர் 11, சனி

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதாமல் தூங்கமுடியாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயர்ந்திருந்தார். சாவி மேசைமேல். எட்டா ஆறா என்ற வழக்கை நானே தீர்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன், கம்பெனி கொடுத்த புத்தகமும் காற்றுமானியும் எடுத்துக்கொண்டு. ஸ்வைஹான் சாலையை விட்டு இறங்கி, மணலில் பிடிப்பதற்காக டயர் காற்றை இருபதுக்குக் குறைத்தேன். முதல் மேடு வெண்ணெய். இரண்டாவதும். மூன்றாவதில் வாய்விட்டுச் சிரித்தேன். நான்காவதில் வயிறுவரை புதைந்தேன்.

யாரைக் கூப்பிட? இந்தப் பக்கத்தில் அதற்கென்று இருப்பது ஒரே பெயர்.

“கராஜ்ல இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வண்டி எங்கிட்டதான் இருக்கு.”

“எங்கே?”

மைதா தன் குட்டிக் காரில் தார்ச்சாலை ஓரம்வரை கொண்டுவந்து விட்டாள். அங்கிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்து வந்தார், முணுமுணுத்துக்கொண்டே. அவள் பின்னாலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படுபாவி!

மண்வாரியால் டயரைச் சுற்றி வாரினார். காற்றைப் பன்னிரண்டுக்கு இறக்கினார். “இருபதுன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?” நான் பக்கத்தில் ஏறிக்கொள்ள, அவர் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து மிதித்தார். என்ஜின் செருமிவிட்டு அடங்கியது.

“பாத்தியா! பாத்தியா! ரெண்டு சிலிண்டர் கொறஞ்சா இப்படித்தான்!”

“சக்கரம் வழுக்கினா அதுவே இழுவையக் குறைச்சிடும். அந்தப் பட்டனை மூணு செகண்ட் அழுத்திப் பிடிக்கணும். நூத்திப் பதினோராம் பக்கம்.”

“முப்பது வருஷம் மணல்ல ஓட்டினவனுக்குப் புத்தகமா?”

“அழுத்துங்க!” கடைசி வரிசைப் பெண்களை அதட்டும் குரல் எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. அழுத்தினார்.

ஆனால் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னார்: “பழசு பேசும் ஷம்ஸா. அடியில மணல் இளகினா அதுக்குக் குரல் மாறும், என் கால் தானா லேசாகும். இது ஊமை. எனக்கு ஒண்ணுமே கேக்கல. பிள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒருத்தன் என்னை நம்பி உக்காந்திருப்பான், நானும் போய் அவன் பக்கத்துல மாட்டிக்கிட்டா?”

பயம். ஒரு மாதமாக நான் கௌரவம் கௌரவம் என்று குத்திக்கொண்டிருந்தது பயத்தை. கல்ஃபான் சிரிப்பான் என்பதல்ல, போயும் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்பது. அழுகை வந்துவிட்டது எனக்கு. அதைக் காட்டக் கூடாதென்று ஏசியை நிறுத்தி எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினேன். வேறெதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவர் வண்டியை ஒரு சாண் பின்னால் நகர்த்தினார். டயர் மணலை அரைக்கும் சத்தம் உள்ளே வந்தது. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பழைய வண்டியில் அவர் அப்படித்தான் சாய்வார். முன்னால் ஒரு சாண். பின்னால். மறுபடி முன்னால், இப்போது சத்தம் கொஞ்சம் கெட்டியாக. கால் லேசானது. அடுத்த மூச்சில் வெளியே இருந்தோம்.

தார்ச்சாலைக்கு வந்ததும், “வேணும்னேதான மாட்டின?” என்றார்.

“இல்ல.”

முக்கால்வாசி உண்மை.

நவம்பர் 12

விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. பதினோரு மணிக்கு வந்தார். காதுக்குள் மணல். எங்கே போனீர்கள் என்று கேட்டால், “சும்மா.”

நவம்பர் 18

வண்டிப் புத்தகத்தைக் காணோம் என்று தேடினால் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நூற்றுப் பதினோராம் பக்கம் மடித்து வைத்திருக்கிறார். கேட்டால் மைதா வைத்திருப்பாளாம்!

டிசம்பர் 2, சனி

தேசிய தின விடுமுறை. கோதுமையும் கறியும் குழைய வேகவைத்து ஹரீஸ் செய்திருந்தேன். கல்ஃபானும் வந்திருந்தான். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன். கையெல்லாம் நெய், அதனால் ஒலிபெருக்கியில் போட்டார்.

“அண்ணே, நாலு பேர் மாட்டிக்கிட்டோம். ரொம்ப ஆழம். உங்க எட்டு சிலிண்டர் வண்டிதான வரும்?”

கல்ஃபான் நிமிர்ந்து பார்த்தான். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கராஜ் என்று சொல்லிவிடுவாரோ?

“இல்லப்பா, ஆறுதான். சக்கரத்தை மேல சுத்தாம அப்படியே இரு. வர்றோம்.”

வர்றோம் என்றார். என்னையும் சேர்த்து.

வாசலில் பார்த்தேன், முத்திரை இல்லை. பசை இருந்த இடம் மட்டும் கோணலாகத் தெரிந்தது. ஏசி கிடையாது, கண்ணாடி நாலும் திறந்து, என் புது அபாயா முழுக்க மணல், பல்லுக்கிடையில் மணல். இதென்ன கொடுமை, ஒரு பக்கமாவது மூடுங்களேன் என்று ஆரம்பித்தேன்.

“கொஞ்சம் பேசாம வா ஷம்ஸா. கேக்கணும்.”

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முப்பது வருடத்தில் அவர் சொல்லி நான் வாயை மூடியது இன்றுதான்.