ஜவளகிரிக்காரர்கள் வரும்போது படிக்கவேண்டியது

முனிலட்சுமி,

பரீட்சை நேரத்தில் பெண் பார்க்க ஜவளகிரிக்காரர்களை வரச்சொன்னேன் என்று நேற்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பையனின் அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன்: "என் மக இங்கிலீஷ் பாடம் படிச்சுக் காட்டலன்னா எங்க பசு பால் தராதுங்க. அவ உங்க வீட்டுக்கு வந்தா உங்க பசுவுக்கும் அது தொத்திக்கும். அப்புறம் நீங்களும் படிச்சாகணும்."

மத்தியானம் வருகிறார்கள். நான் சந்தைக்குப் போகிறேன். களியும் அவரைக்காய்க் குழம்பும் போடு. யார் எது கேட்டாலும் பசுவைப் பார்த்தே 'கோ, வென்ட், கான்' என்று சத்தமாகப் படி. அந்தம்மா எழுந்து போய்விடுவார்.

மறந்துவிட்டேன்: பையனும் கூடச் சேர்ந்து படித்தால் பசுவை அவிழ்த்துவிடு; அதைப் பிடிக்க அவனும் ஓடட்டும்.

அவர்கள் போனதும் நிறுத்திவிடாதே. பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது.

உன் கிழட்டு அப்பன்