பொரி இங்கேயே இருக்கும்

துடியலூர்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் பூஜிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் நாய் பொரியும் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டு இருக்கிறோம், நீ அந்த டப்ளின் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்திலேயே இருப்பதால் சிலது பேச வாய் வருவதில்லை.

களைப்பாக இருக்கிறது கண்ணு. காலையில் அம்மாவைக் குளிக்க வைத்து, இட்லி ஊற்றி, பிசியோதெரபி பெண் சொன்னபடி வலது கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொல்லிக் கெஞ்சி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை மடியிலேயே கிடக்கிறது. பந்தை வைத்தால் உருட்டிவிடுகிறாள், அழுத்திச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இதற்கு நடுவில் பொரியையும் பார்க்க வேண்டும். உங்களால் முடியாதுப்பா, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று நீ அழுதுகொண்டே சொன்ன பிறகு விசாரித்தேன். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு குடும்பம், போட்டிக்குத் தடை தாண்டி ஓடுகிற நாய் என்றால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் நீ போனதிலிருந்து அது கட்டிலுக்கடியிலேயே சுருண்டு கிடந்தது. சரி, மறுபடியும் பழக்குவோம் என்று காரமடையில் நீ அதைப் பயிற்சிக்குக் கொண்டுபோன அதே மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். தாண்டு என்றால் கம்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது, துணிக் குழாய்க்குள் போ என்றால் என் செருப்பை முகர்ந்தது. பம்பு கம்பெனியில் ஆட்களை விரட்டிய குரலில் நானும் கத்தினேன், அது வாலை ஒடுக்கிக்கொண்டு படுத்துவிட்டது.

அங்கே நாய்களைப் பழக்குகிற பெண் கனிஷ்காதான் ஓடி வந்தாள். ஏனுங்க அங்கிள், இப்படி மிரட்டுனா அது எங்கீங்க ஓடும், உங்ககூட வெளையாடறதுக்குத்தானுங்க அது ஓடோணும், துண்ட ஆட்டிக்கிட்டு நீங்க மொதல்ல ஓடுங்க, வந்து கவ்வுச்சுன்னா இழுங்க, கடைசில உட்டுக்குடுத்துப்போடுங்க, தான் ஜெயிச்சதா அது நெனைக்கோணும் என்றாள். அத்தனை பேர் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. முடிச்சுப் போட்ட பழைய துண்டை ஆட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் பொரி குழாயில் புகுந்து மறுபக்கம் பாய்ந்து வந்து துண்டைக் கவ்வியது. விட்டுக்கொடுத்தேன். துண்டோடு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடியும் என் கையிலேயே கொண்டுவந்து திணித்தது. சில வாரத்தில் கம்பைத் தாண்டி, குழாயில் புகுந்து எல்லாம் ஓடியது, கோபிக்காரர்களும் வந்து கூட்டிப்போகிறோம் என்று நாள் சொல்லிவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை நான் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் உறுமல் கேட்டது. பயந்து ஓடி வந்து பார்த்தால், பொரி துண்டை அம்மா மடியில் போட்டு ஒரு முனையைக் கவ்வி இழுக்கிறது, மறு முனையை அம்மா பிடித்திருக்கிறாள், வலது கையால். விரல் முழுக்க மடங்கவில்லை, ஆனாலும் பிடித்திருந்தாள். விடு சாந்தாமணி, விழுந்துவிடுவாய் என்று நான் கிட்டே போனேன். அவள் என்னை முறைத்து, குழறிக் குழறி, நீங்க போங்க, நான் உடமாட்டேன் என்றாள். அம்மணி, பிறகு அவள் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் போனது, ஆனால் சிரிப்பு அவளுடையதுதான். நான் அடுப்பை அணைக்கிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கோபிக்காரர்களுக்குப் போன் செய்து, மன்னிச்சுக்குங்க, நாயக் குடுக்கறாப்புல இல்லீங்க என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சடைத்துக்கொண்டார்கள். என் களைப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, இரண்டு பேரையும் நான்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

வேலையிலும் உடம்பிலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் போன் செய்தால், எடுத்ததும் எக்சர்சைஸ் செய்தாயா என்று அவளைக் கேட்காதே. ஏதாவது வம்பு பேசு.

அன்புடன் அப்பா,
மோகன்குமார்.