கப்பலில் நீ குடித்த முதல் கிளாஸ்

உன் மகளின் குரல் என் போனில் இருக்கிறது. வாய்ஸ் மெசேஜ். சில நாட்களாக அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அச்சு அசல் உன் குரல். பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வதுகூட.

கேள்வி சின்னதுதான்.

"ஆன்ட்டி, நாங்க கப்பல்ல போறோம். கோவா, லட்சத்தீவு. நீங்களும் அம்மாவும் போன அதே ரூட்டு. இவரு ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எடுக்கலாம்ங்கறாரு. ஒருத்தர் எடுத்தா அந்த கேபின்ல இருக்கற ரெண்டு பேருமே எடுக்கணுமாமே? நான் அதத் தொடவே மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அம்மாவும் நீங்களும் எடுத்தீங்கன்னு ஞாபகம். ஜூஸ் குடிக்கவா அவ்ளோ காசு குடுத்தீங்க? பைசா வசூல் ஆச்சா, சொல்லுங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பால்கனிக்குப் போகிறேன், சமையலறைக்கு வருகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து மறுபடியும் பால்கனி. "ஏன்டி இப்படி அலையறே? பதில் சொல்லிட்டு உக்காரேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன பதில் சொல்ல? ஜூஸ் குடிக்க எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நாம் ட்ரெயின் சிநேகிதிகள். நான் செம்பூரில் ஏறி உட்கார்ந்திருப்பேன், நீ சுனாபட்டியில் ஏறுவாய். லேடீஸ் டப்பாவில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக என் பக்கத்தில் பாதி உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு மும்பைக் கோட்டை வரைக்கும் வருவாய். நான் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம், இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். நீ தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண், பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். என்னைவிட நீதான் மூத்தவள், ஆனாலும் என்னை "மாமி" என்றுதான் கூப்பிடுவாய். ஊர், சாமி, சாப்பாடு எல்லாம் வேறு வேறு. இருந்தாலும் என் வீட்டுக்காரரிடம் சொல்லாததையும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் பேச மாட்டாய். உன் கணவரைப் பற்றி. தாராவியில் ஒரு தோல் கிடங்கில் சுமை தூக்கினார், குடித்தார், ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். உன் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் "அந்த மனுசன் கதைய விடுட்டி" என்று ஜன்னலைப் பார்த்துக்கொள்வாய்.

நாம் இரண்டு பேரும் ரிட்டயரான வருஷம்தான் உனக்கு அந்த ஆசை வந்தது. "இத்தன வருசமா கப்பல் பேரா டைப் அடிச்சே வெரல் தேஞ்சு போச்சு. ஒரு கப்பல்லயாவது கால் வச்சிருக்கனா? வா மாமி, போவோம்." என் வீட்டுக்காரருக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும். நீங்கள் இரண்டு பேருமே போங்கள் என்று சொல்லிவிட்டார்.

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டிராவல்ஸ்காரர் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, "ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் வேணுமா மேடம்? சாஃப்ட் ட்ரிங்க்ஸ் மட்டும் ஒண்ணு. இன்னொண்ணு அன்லிமிடெட், சரக்கு சேத்து" என்றார். நான் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அந்த ரெண்டாவது."

அவர் என் நெற்றியைப் பார்த்தார், உன் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். பிறகு அந்த விதியைச் சொன்னார். ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருமே அதே பேக்கேஜை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒருத்தர் வாங்கி இரண்டு பேர் குடித்துவிடுவார்களாம்.

"நான் காபியையும் மோரையும் விட்டா வேற ஒண்ணும் குடிச்சதே இல்லையே!"

"மாமி பங்கையும் நான் குடுக்கேன். பில்லப் போடுங்க" என்றாய்.

உன்னைத் தனியே கொடுக்க விடாமல் என் பங்கை நானே கொடுத்தேன். ஆனால் வெளியே வந்ததும் சண்டை போட்டேன். உனக்கு என்ன பைத்தியமா, போட்ட காசு திரும்பவேண்டுமென்றால் காலையிலிருந்து படுக்கிற வரைக்கும் கிளாசும் கையுமாக இருக்கவேண்டுமே என்று. நீ சாலையோரம் நின்றுவிட்டாய்.

"அதுல அப்படி என்னதான் இருக்குன்னு எனக்குப் பாக்கணும்ட்டி. என்னையும் பிள்ளையையும் விட அது பெருசாப் போச்சே அவியளுக்கு. செத்தும் போயிட்டாவ. யார்ட்ட கேக்க? ஒரு தடவ நானே பாத்துட்டா விட்டுருவேன்."

உன் கணவரை நீ 'அவிய' என்று மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். 

கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது நாம் மேல்தளத்து பாரில் இருந்தோம். பட்டுப்புடவையில் நான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையில் நீ. சுற்றிலும் பெர்முடா போட்ட கூட்டம். பாரில் நின்ற கோவாக்காரர் நம் வயசு இருப்பார். உன்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். நீ கப்பலில் கொடுத்த பேக்கேஜ் கார்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "சந்த்ரா" என்றாய்.

எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேடம், சந்த்ரா இதர் நஹி மில்தா. ஓ தோ தேசி ஹை" என்றார். ஆரஞ்சு வாசனை போட்ட நாட்டுச் சாராயம் என்று நீ எனக்குச் சொன்னாய். உன் கணவர் குடித்தது அதைத்தான். அத்தனை பாட்டில்களை அடுக்கிவைத்து அன்லிமிடெட் என்று பெயரும் வைத்த அந்த பாரில் அது மட்டும் இல்லை. உன் முகம் விழுந்துவிட்டது. அந்த மனிதர் கொஞ்சம் யோசித்து, ரம்மில் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். "ஏ பீகே தேக்கியே" என்றார், இதைக் குடித்துப் பாருங்கள் என்று.

நீ சிலுவைக்குறி போட்டுக்கொண்டு குடித்தாய். முகத்தைச் சுளித்தாய். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஆயிற்று, இத்தோடு விட்டுவிடுவாய் என்று. நீ இன்னொரு வாய் குடித்தாய். இன்னொன்று. கிளாஸ் காலியானதும் இரண்டாவது கேட்டாய்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தாய். உன் ஆபீஸ் மேனேஜர் டை கட்டத் தெரியாமல் கழுத்தை இறுக்கிக்கொண்ட கதையைச் சொன்னாய். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நாம் சிரித்தோம். அத்தனை வருஷ ட்ரெயினில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"மாமி, நல்லா இருக்குட்டி."

"என்னது?"

"இதுதான். கசக்கும்னு நெனச்சேன். கசந்திருந்தா, இந்தக் கழுதைக்கா எங்கள விட்டீருன்னு திட்டிட்டுப் படுத்திருப்பேன். தோள்ல இருக்க பாரத்த யாரோ எறக்கி வச்ச மாதிரில்லா இருக்கு. நான் டைப்ரைட்டரத் தட்டுனவ, எனக்கே இப்படி இருக்குன்னா, நாள் பூரா தோலச் சொமந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும்? மேலு வலிக்குன்னு சொல்லுவாவ. சாக்குன்னு சொல்லிட்டேன்."

அன்று நீ நிம்மதியாகத் தூங்கினாய். நான்தான் தூங்கவில்லை. கடல் ஆடியதால் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. உனக்கு அது பிடித்துவிட்டதே என்று பயம்.

மறுநாள் நீ காலைச் சாப்பாட்டுக்கே பீர் கேட்டாய். "காசு குடுத்தாச்சுல்லா, சும்மா விடவா?" என்றாய். நான் எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த பேக்கேஜின் விஷமம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு கிளாசுக்கும் காசை எடுக்க வேண்டியிருந்தால் கை கொஞ்சம் தயங்கும். காசு முன்னாலேயே போய்விட்டால், குடிக்காத ஒவ்வொரு கிளாசும் நஷ்டமாகத் தெரியும். நீ மத்தியானத்துக்குள் எத்தனை குடித்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் குளித்துவிட்டு வந்தபோது நீ கேபினில் இல்லை.

தேடினேன். பாரில் இல்லை, சாப்பாட்டு ஹாலில் இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஒரு தளம் ஏறுவேன், ஒரு தளம் இறங்குவேன், எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி. கம்பியைப் பிடித்து எட்டித் தண்ணீரைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓடினேன். உன் மகளுக்கு என்ன சொல்வேன் என்று அன்றைக்கும் இதே கவலைதான்.

உயிர்காக்கும் படகுகள் தொங்கும் தளத்தில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். போதை இறங்கியிருந்தது. முகம் கல் மாதிரி இருந்தது. நான் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ மெதுவாகச் சொன்னாய்.

பாரில் ஒருவன் நிற்க முடியாமல் குடித்திருக்கிறான். அவன் பெண்டாட்டி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருக்கிறாள். பின்னாலேயே அவர்களுடைய சின்னப் பெண், அவன் காலிலிருந்து கழன்ற செருப்பை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்திருக்கிறது. நீ கையிலிருந்த கிளாசை வைத்துவிட்டுப் போய் அவனுடைய இன்னொரு தோளைப் பிடித்தாய். கேபினில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தீர்கள். அவன் பெண்டாட்டி உன்னிடம், "பேக்கேஜ் ஹை நா ஆன்ட்டி, இஸ்லியே. கர் மே ஐஸா நஹி கர்தே" என்றாளாம். பேக்கேஜ் இருப்பதால்தான், வீட்டில் இப்படியெல்லாம் இல்லை என்று. "நானும் அப்படித்தான் சொல்லுவேன், அக்கம்பக்கத்துல" என்றாய்.

"எம்பிள்ளயும் செருப்பத் தூக்கிட்டுத்தான் வரும் மாமி. லேபர் கேம்ப் ரோட்டுல, எல்லாரும் பாக்க. நேத்து ராத்திரி அவியள மன்னிச்சிட்டேன்னு நெனச்சேன். மனசு லேசா இருந்துச்சு. இன்னைக்கு அந்தப் பிள்ளையப் பாத்ததும் எல்லாம் போச்சு. கொன்னு போடலாம் போல வருது."

"அப்போ நேத்திக்குச் சொன்னது பொய்யா?"

"இல்லட்டி. அதுவும் நெசந்தான். இதுவும் நெசந்தான். ரெண்டயும் வச்சுக்கிட்டு என்ன செய்யன்னுதான் தெரியல."

 வெயில் இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு நீ சரக்கைத் தொடவில்லை. ஆனால் கார்டை விடவில்லை. எலுமிச்சை ஜூஸ், காபி, மறுபடியும் காபி என்று அந்தக் கோவாக்காரரை விரட்டிக்கொண்டிருந்தாய். இளநீர் பேக்கேஜில் சேராது என்று அவர் சொன்னதற்கு, "சாராயம் ஃப்ரீ, இளநீருக்குக் காசா? நல்ல நியாயம்" என்று தமிழிலேயே சண்டை போட்டாய். கடைசி நாள் எனக்கும் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் வாங்கி வைத்தாய். "ஒண்ணாவது குடி மாமி. மாட்டுங்காவுக்கு யாரும் தந்தி அடிக்க மாட்டாவ." ஒரு வாய் குடித்தேன். ஊசிப்போன திராட்சைப்பழ ரசம் மாதிரி இருந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். குடிக்காமலேயே.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சு எரிந்தது. "வாயுட்டி, சுக்குத் தண்ணி குடிச்சா சரியாயிரும்" என்று போனில் சொன்னாய். டாக்டரிடம் போ என்று நான் கத்தினேன். "சரி சரி, நாளைக்கி" என்றாய். மறுநாள் உன் மகள்தான் எனக்குப் போன் செய்தாள்.

நேற்று அவளைப் பார்க்க விக்ரோலிக்குப் போனேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நல்ல பையன்தான். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு ஒரு பீர் குடிப்பார், அவ்வளவே. ஆனால் அன்றெல்லாம் இவள் அவரோடு பேசுவதில்லையாம். "வீட்டுக்குள்ள அந்த வாசனை வந்தா எனக்குக் கையெல்லாம் நடுங்குது ஆன்ட்டி. இவரு அப்பா மாதிரி இல்லைன்னு தெரியும். லேகின் கைக்குத் தெரிய மாட்டேங்குது." பேக்கேஜ் பற்றிய கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றையும் சொன்னேன். சந்த்ரா கேட்டதிலிருந்து.

"அம்மா குடிச்சாங்களா?" எழுந்து நின்றுவிட்டாள். "எங்கம்மாவா? அந்த ஆள் குடிச்சே செத்த பிறகுமா?" உள்ளே போனாள். பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. இனி என்னோடு பேசமாட்டாள் என்றே நினைத்தேன். தேநீரோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"சிரிச்சாங்களா?"

"நிறைய. எல்லாரும் திரும்பிப் பாத்தா."

"நான் பாத்ததே இல்ல ஆன்ட்டி, அம்மா சத்தமாச் சிரிச்சு."

பிறகு செருப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டாள். "அது அம்மாவுக்குத் தெரியுமா? நான் பின்னால வர்றத அவங்க கவனிக்கலைன்னு நெனச்சேன்" என்றாள். அதன்பின் வெகுநேரம் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, "அப்போ பேக்கேஜ் எடுக்கவா வேணாமா, அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள், உன்னைப் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எடுக்காதே. அவருக்கு ஒரு கிளாஸ் வேணும்னா காசு கொடுத்து ஒண்ணு வாங்கிக்கட்டும். நீ அவர் பக்கத்திலேயே உக்காந்துக்கோ. எழுந்து போயிடாதே."

"கை நடுங்குச்சுன்னா?"

"அவர் கையைப் பிடிச்சுக்கோ."

தலையை ஆட்டினாள். செய்வாளா தெரியாது.

திரும்பும்போது குர்லாவில் வண்டி மாறினேன். செம்பூருக்கு ஏற வேண்டியவள், யோசனையில் எதிர்ப்பக்க வண்டியில் ஏறிவிட்டேன். சுனாபட்டி வந்ததும் இறங்கினேன். லேடீஸ் டப்பா நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, என்னை அறியாமல் உன்னைச் சத்தமாகத் திட்டியிருக்கிறேன் போல. சுக்குத் தண்ணியாம், நாளைக்காம் என்று. பெஞ்சில் இருந்த ஒரு பெண், "க்யா ஹுவா ஆன்ட்டி? கிஸ்கா இந்தஜார் ஹை?" என்று கேட்டாள், யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று.

"சஹேலி கா" என்றேன், சிநேகிதிக்காக என்று. வேறு என்ன சொல்ல?

அவள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். இரண்டு மூன்று வண்டிகள் போயின. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனவளை எப்படி மன்னிப்பது? இன்னொரு வண்டி வந்து நின்றபோது, ஏறப்போன பெண்களுக்கு நடுவில் உன்னைத் தேடினேன். பிறகு பாலம் ஏறி, அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய், வீட்டுக்கு வந்தேன்.