பெட்டிக்கு முன்னால் திட்டியது

அன்பு மகன் தூரோவாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், வயிற்றை எடுத்துப்போட்ட மனுஷனுக்கு அதுவே பெரிய சுகம். அங்கே பெர்த்தில் நீயும் மருமகள் கிரியும் குட்டி அனாஹேராவும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதத்தான் ஆசை, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுத மனம் வரவில்லை.

உன் பெரியப்பா மகன் தைமோனா அண்ணனைப் போன வாரம் அடக்கம் செய்தோம். நீ அனுப்பிய பூவளையம் வந்து சேர்ந்தது, நல்ல பூ, நீ வரவில்லை. நம் குலத்துப் பொதுக்கூடமான மராயேயில் பெட்டியைத் திறந்து வைத்து உன் பெரியம்மா ஹரியாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், தன் புருஷன் பெட்டிக்குப் பக்கத்தில் அன்று உட்கார்ந்த அதே இடம். வந்தவர்கள் எல்லாரும் அவனிடம் அழுது பேசினார்கள், என் முறை வந்ததும் நான் திட்டினேன். செத்தவனை நேருக்கு நேர் திட்ட நமக்கு உரிமை உண்டு, உனக்குத் தெரியாததா. "ஏண்டா, ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருடான்னு எத்தன தடவ கெஞ்சினேன், காமிரா விட்டுப் பாத்தாச்சு சித்தப்பா, வயிறு பளபளன்னு இருக்குன்னு சிரிச்சியே, இப்ப சிரிடா பாக்கலாம்" என்றேன். ஒருவரும் தடுக்கவில்லை. பெரியம்மாதான், "இன்னும் திட்டுங்க கொழுந்தனாரே, எனக்கும் சேத்துத் திட்டுங்க" என்றாள். பிறகு விருந்தில் பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளியும் மண்ணடுப்பிலிருந்து வந்தபோது அவளே எனக்கு ஒரு சின்னத் தட்டில் கொஞ்சமாக வைத்துக் கொடுத்தாள். முன்பெல்லாம் மலையாகக் குவித்துவிட்டு, "எங்க சமையல் கசக்குதா, கோழி மாதிரி கொத்துறீங்க" என்று சபையில் மானத்தை வாங்குகிறவள். அந்தச் சின்னத் தட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

நம் ஆட்கள் வயிற்றுப் புற்றில் ஒவ்வொருவராகப் போனதற்கு, இடுகாட்டு மரத்தை வெட்டியதால் வந்த சாபம் என்று உன் முப்பாட்டனை எத்தனை காலம் கரித்துக்கொட்டினோம். அந்தக் கிழவர் மரத்தை வெட்டியிருக்கலாம், நம் வயிற்றில் கை வைக்கவில்லை. டாக்டரம்மா எனக்குச் சொன்னதை உனக்கு மறுபடி சொல்கிறேன். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் புற்று வராமல் காக்கிற ஒரு மரபணு எல்லாருக்கும் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. நம் ஆட்களில் சிலருக்கு அதில் ஒன்று பிறக்கும்போதே பழுது. மிச்சமிருக்கும் ஒன்றும் வயிற்றில் எங்காவது கெட்டால் அங்கே செல்கள் பிடிப்பு விட்டுச் சுவருக்குள்ளேயே சிதறிப் பரவும். கட்டியாகத் திரளாது, அதனால் காமிராவுக்குப் பல நேரம் தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். அந்தப் பழுது எனக்கு இருக்கிறது, அதனால்தான் வயிற்றையே எடுத்துப்போட்டுவிட்டுக் கொறித்துச் சாப்பிடுகிறேன். உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ரத்தம் கொடுத்தால்தான் தெரியும்.

நீயும் காமிரா பார்த்தாயாம், சுத்தமாம். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையை மிட்டாய் போல மென்றுகொண்டிருக்கிறாய் என்று கிரி அம்மாவிடம் அழுதிருக்கிறாள். "உங்கள மாதிரி கொறிச்சிக்கிட்டு நூறு வருசம் இருக்கிறதுக்கு, வயிறார தின்னுட்டு சீக்கிரம் போயிடறேன்" என்று போனில் சொன்னாயே, அனாஹேராவை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் உயிர் கொறித்துக் கொறித்துக் காப்பாற்றிய உயிர், அதை நீ கேலி செய்தாய்.

நம் முன்னோர் உன்னையும் கிரியையும் குழந்தையையும் காக்கட்டும். திங்கட்கிழமையே போய் ரத்தம் கொடு, மறக்காதே. உன் பெட்டிக்கு முன்னால் நின்று திட்ட எனக்குத் தெம்பு இல்லை, அதனால்தான் இப்போதே திட்டிவிட்டேன். தைமோனா எனக்குப் பதில் சொல்லவில்லை. நீ சொல்லு.

உன் அப்பா,
பாராயா