தகடு இறங்கிய பின்

அன்புள்ள நெட்டைக்கு,

உனக்கு இப்படி எழுதும் பழக்கம் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. நான் நலம். உன் நலத்தைக் கேட்கும் நிலை தாண்டிவிட்டதாக உன் மனைவி தொலைபேசியில் சொன்னாள். "அண்ணா, கட்டுரைய நீங்க ஒரு தடவ பார்த்தாத்தான் பத்திரிகைக்கு அனுப்புவாராம். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே அடம் பிடிக்கிறாரு" என்றாள். அவள் அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. "சரிம்மா, அனுப்பு" என்றேன்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் ஏசி மறுபடி கெட்டுவிட்டது. உன் நாற்காலியில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. நீ வெளிநாடு போனதும் உன் பதவியை எனக்குத் தராத இயக்குநர் ஓய்வு பெற்றார். விழாவுக்கு நான் போகவில்லை.

கட்டுரையைப் படித்தேன். சூரிய வெடிப்புகளில் பிளாஸ்மா வழக்கமாக இரண்டு கோடி டிகிரியைத் தாண்டுவதில்லை. நீ ஐந்து கோடி என்கிறாய். எனக்கு அந்தக் கருத்தரங்கம் நினைவுக்கு வந்தது. நான் நாலரைக் கோடி என்று சொன்னதும் முன்வரிசையிலிருந்து நீ எழுந்தாய். "டேய், ரெண்டு ஃபோட்டான் சேர்ந்து வந்தா உன் கருவி ஒண்ணுன்னு எண்ணி, ஆற்றல ரெண்டு மடங்காக் காட்டும். காய்ச்சல் சூரியனுக்கு இல்லடா, உன் கருவிக்கு!" அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து நான் காய்ச்சல்காரன். நீ சொன்னது சரி என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.

இப்போது அதே தவறை நீ செய்திருக்கிறாய். எக்ஸ் கதிர் வெள்ளமாக வரும்போது கருவிக்கு முன்னால் இறங்கி, அதை மட்டுப்படுத்தும் உலோகத் தகடு இந்த வெடிப்பில் தாமதமாக இறங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டாய். உன் வரைபடத்தில் உச்சம் இருக்கும் ஆற்றலுக்குச் சரியாக இரு மடங்கில் இன்னொரு மேடு தெரிகிறதே, அது ஜோடி ஜோடியாக எண்ணப்பட்ட ஃபோட்டான்களால் வந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு நீயே நடத்தும் பாடம். மாத்திரை மயக்கத்தில் கவனிக்கவில்லை போலும்.

கண்டுபிடித்தால் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய் டீ போட்டேன். அது அப்படியே ஆறிப்போயிற்று.

பிறகு, தகடு இறங்கிய பின் வந்த பதிவுகளை மட்டும் எடுத்துக் கணக்கிட்டேன். மூன்றரைக் கோடி நிற்கிறது. எப்படி உலுக்கியும் அசையவில்லை. உன் ஐந்து கோடி போனாலும், அந்தச் சூடு உண்மை.

என்னையே திருத்தி அனுப்பிவிடச் சொல்கிறாள் உன் மனைவி. மாட்டேன். நீயே அடித்து, நீயே எழுத வேண்டும். இங்கே வந்து, பிரிண்டரை இறக்கி வைத்துவிட்டு, உன் நாற்காலியில் உட்கார்ந்து திருத்து. முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்க நான் இருக்கிறேன். என்னை என்ன பெயர் சொல்லி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்.

அதுவரை கட்டுரை என்னிடம்தான் இருக்கும். மெதுவாக வா. ஆனால் வா.

இப்படிக்கு,
காய்ச்சல்காரன்